யாருடைய பிள்ளை? – அடையாற்று வழக்கு நமக்கு உணர்த்துவது

1912-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கல் செய்யப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் ஜிட்டு நாராயணையா என்னும் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அலுவலர், மனைவியை இழந்தவர். எதிர்த்தரப்பில் நின்றவர் உலகெங்கும் அறியப்பட்ட அன்னி பெசன்ட் அம்மையார். கேட்கப்பட்டது நிலமன்று, பணமன்று, இரண்டு பிள்ளைகள். "என் மக்களை என்னிடம் திருப்பிக் கொடுங்கள்" என்பதே அத்தந்தையின் வேண்டுகோளின் சாரம்.

அடையாறு அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவேதான் இவ்வழக்கு நம் மாவட்டத்து நீதிமன்றத்தின் படியேறிற்று. பின்னர் மதராஸ் உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டு, இறுதியில் கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட இந்த வழக்கை இன்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் என நீளும் நம் புறநகர்ப் பங்குகளில் இன்று பிரிந்து வாழும் பெற்றோருக்கு நடுவே வளரும் பிள்ளைகள் பலர் உள்ளனர். எந்த நாளில் யாரிடம் இருப்பது, யார் வீட்டில் உறங்குவது, கோடை விடுமுறையை எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் நீதிமன்ற ஆணை தீர்மானிக்கிறது. அந்த ஆணைகளின் வேர்களைத் தேடிச் செல்வோர் அடையாற்று வழக்கைத் தொடாமல் கடந்து போக முடியாது.

இலண்டனில் ஒரு தாய்

அடையாற்று வழக்கைப் புரிந்துகொள்ள, அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னே செல்ல வேண்டும். அன்னி பெசன்ட் அம்மையார் ஆங்கிலிக்கன் சபைக் குரு ஒருவரின் மனைவி. கணவர் பெயர் ஃபிராங்க் பெசன்ட். அவர்களுக்கு டிக்பி என்ற மகனும் மேபல் என்ற மகளும் இருந்தனர். நம்பிக்கையில் ஏற்பட்ட ஐயங்களும் இல்லறத்தில் விளைந்த கசப்பும் சேர்ந்து, 1873-இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர். பிரிவு ஒப்பந்தப்படி மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அந்த ஏற்பாடு ஐந்து ஆண்டுகளே நிலைத்தது. அம்மையார் கடவுள் மறுப்பைப் பறைசாற்றும் பேச்சாளரானார். மக்கட்பேற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளைப் பற்றிய நூல் ஒன்றை மறுபதிப்பாக வெளியிட்டதற்காக 1877-இல் அவர்மீது வழக்கு நடந்தது. இவற்றைக் காட்டி, இத்தகைய பெண்ணிடம் சிறுமி வளரலாகாது என்று தந்தை நீதிமன்றத்தை நாடினார். 1878-இல் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் மகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தார். அப்போது மேபலுக்கு வயது ஏழு.

அம்மையாரின் கருத்துகள் பலவற்றைத் திருச்சபை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்காது. ஆனால் ஏழு வயதுக் குழந்தையைத் தாயின் மடியினின்று பிரித்தெடுக்கும்போது, அக்குழந்தையின் உள்ளம் என்ன சொல்கிறது என்று அங்கே எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1879-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளைகளைச் சந்திக்கும் உரிமையைத் தாய்க்கு வழங்கிற்று. ஆயினும் அந்தச் சந்திப்புகள் பிள்ளைகளுக்கே வேதனையாக மாறியதைக் கண்டு, அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை தாமே விலகியிருக்க முடிவு செய்ததாக அம்மையார் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பின்னர் தாயைத் தேடி வந்தனர். நீதிமன்றம் வகுத்த எல்லைகள் பிள்ளைப் பருவத்தோடு முடிந்துபோயின. தாய்ப்பாசத்திற்கு அந்த எல்லை இல்லை.

தந்தையின் ஆட்சி

அக்காலத்துச் சட்டம் ஏன் அப்படி இருந்தது? பழைய உரோமைச் சட்டத்தில் தந்தைக்குத் தம் மக்கள்மீது ஏறத்தாழ எல்லையற்ற அதிகாரம் இருந்தது. ஆங்கிலேய மரபும் தந்தையின் உரிமையையே முதன்மையாகக் கொண்டது. பிரிந்து வாழும் தாய்க்குத் தன் பிள்ளையைக் காணும் உரிமைகூடச் சட்டத்தில் இல்லாதிருந்தது. கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர், கணவரால் தம் மூன்று மக்களிடமிருந்து பிரிக்கப்பட்ட துயரத்தோடு எழுதியும் வாதாடியும் பொதுக் கருத்தைத் திரட்டினார். அதன் பயனாக 1839-இல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தை வேண்டலாம் என்று அது முதன்முறையாக ஒரு வாயிலைத் திறந்தது. 1873-இல் அந்த வயது பதினாறாக உயர்ந்தது. 1925-இல்தான் பிள்ளையின் நலனே முதலாவதும் முதன்மையானதுமான அளவுகோல் என்று ஆங்கிலச் சட்டம் வெளிப்படையாக எழுதிற்று.

கத்தோலிக்கர்களாகிய நாம் அறிய வேண்டிய வழக்கு ஒன்று இடையில் உண்டு. ஆகர்-எல்லிஸ் என்பவர் புரோட்டஸ்டண்ட் சபையினர். அவர் மனைவி கத்தோலிக்கர். பிள்ளைகளைக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ப்பதாகத் திருமணத்திற்கு முன் வாக்களித்த கணவர், பின்னர் அவ்வாக்கிலிருந்து பின்வாங்கினார். தந்தையின் விருப்பமே செல்லும் என்றது நீதிமன்றம். 1883-இல் பதினாறு வயது நிரம்பிய மகள், விடுமுறை நாட்களைத் தன் தாயோடு கழிக்க இசைவு கேட்டாள். தந்தை மாதம் ஒரு முறைச் சந்திப்புக்கு மட்டுமே ஒப்பினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. விவரம் அறிந்த ஒரு பெண்பிள்ளை தன் தாயைக் கேட்கிறாள்; சட்டமோ தந்தையின் ஆட்சியைச் சுட்டிக்காட்டுகிறது!

இந்த வரலாற்றில் நம்மவர் பக்கமும் நிழல் இல்லாமல் இல்லை. 1858-இல் அன்றைய திருத்தந்தையின் ஆட்சிப் பகுதியாக இருந்த பொலோஞா நகரில், எட்கார்தோ மோர்த்தாரா என்னும் ஆறு வயது யூதச் சிறுவன் பெற்றோரிடமிருந்து காவலரால் கொண்டு செல்லப்பட்டான். அவன் நோயுற்றிருந்தபோது வீட்டுப் பணிப்பெண் மறைவாகத் திருமுழுக்கு அளித்திருந்தாள் என்பதே காரணம். பெற்றோர் கதறியும், பல நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தும், சிறுவன் திரும்பவில்லை. அவன் பின்னர் குருவாகி, 1940-இல் இறந்தார் என்பது வரலாறு. ஆன்மாவின் நலனுக்காகச் செய்கிறோம் என்று அன்று உண்மையாகவே நம்பியவர்கள் இருந்தனர். ஆனால் பிள்ளையின் நலன் என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே அப்பிள்ளையின் பெற்றோரை நொறுக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இந்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டு அடையாற்றுக்கு வருவோம்.

அடையாற்றங்கரையில்

நாராயணையா மதனப்பள்ளியைச் சேர்ந்தவர். பிரம்மஞான சபையின் உறுப்பினர். ஓய்வு பெற்ற பின், 1909 சனவரியில் தம் புதல்வர்களோடு அடையாற்றுக்கு வந்து சபையின் பணியில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சபையின் தலைவர்களுள் ஒருவரான லெட்பீட்டரின் பார்வை, நாராயணையாவின் மகன் கிருஷ்ணமூர்த்தியின்மீது விழுந்தது. உலகுக்கு வரவிருக்கும் ஆசானுக்கு உரிய கலமாக இச்சிறுவன் அமைவான் என்று சபையினர் நம்பத் தொடங்கினர். அவனும் அவன் தம்பி நித்தியானந்தனும் பிரிக்க முடியாதவர்கள். ஆகவே இருவரும் ஒன்றாகவே சபையின் பராமரிப்பில் வைக்கப்பட்டனர். 1910 மார்ச்சில் அன்னி பெசன்ட் அம்மையாரைத் தம் மக்களின் காப்பாளராக ஏற்று நாராயணையா எழுதிக் கொடுத்தார்.

வறுமையில் வாடிய தந்தை, தாயற்ற பிள்ளைகள், உலகப் புகழ்பெற்ற அம்மையாரின் அன்பும் பொருளும். இந்த நிலையில் எந்தத் தந்தையும் நன்றியோடு கையெழுத்திட்டிருப்பார். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல நாராயணையாவின் உள்ளம் கலங்கிற்று. தம் மக்கள் லெட்பீட்டரோடு பழகுவதை அவர் விரும்பவில்லை. மக்கள் தம்மிடமிருந்து விலகிப் போவதாகவும் உணர்ந்தார். 1912-இல் அம்மையார் சிறுவர் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று அங்கேயே கல்விக்காக விட்டு வந்தார். அவ்வாண்டு சூலையில் தந்தை தம் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அக்டோபரில் வழக்குத் தொடுத்தார்.

தந்தையின் பக்கம் வாதாடியவர் பின்னாளில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சி. பி. இராமசாமி ஐயர். அம்மையாரோ வழக்குரைஞரை வைத்துக்கொள்ளாமல் தாமே எழுந்து நின்று வாதாடினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தம் மகளை இழந்த தாய், இப்போது வேறொருவரின் மக்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அதே வகை மன்றத்தில் நின்றார்! அன்று தந்தையின் உரிமை என்ற வாதத்தால் தோற்றவர், இன்று அதே வாதத்தை எதிர்த்து நின்றார்.

1913 ஏப்ரல் 15 அன்று நீதிபதி பேக்வெல், சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு தீர்ப்பளித்தார். அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று மேல்முறையீடும் தள்ளுபடியானது. அம்மையார் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். 1914 மே 25 அன்று அங்கே தீர்ப்பு வந்தது. சென்னைத் தீர்ப்புகள் இரண்டும் விலக்கப்பட்டன.

பிரிவி கவுன்சில் சொன்னது என்ன?

அத்தீர்ப்பு மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, தந்தையே மக்களின் இயற்கைக் காப்பாளர். அவர் அப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியும். இதுவரை நாராயணையாவின் வாதம் வென்றது. இரண்டாவது, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றமே விசாரிக்க முடியும். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவர்களைச் செங்கற்பட்டில் வசிப்பவர்கள் என்று கொள்ள இயலாது. மூன்றாவது, அந்தச் சிறுவர்கள் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை; அவர்களுடைய நலனும் விருப்பமும் முறையாக ஆராயப்படவில்லை. விருப்பமில்லாத பிள்ளைகளைக் கடல் கடந்து கொண்டுவந்து ஒப்படைக்குமாறு ஒருவருக்கு ஆணையிடுவது சரியன்று. தந்தை விரும்பினால் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

வழக்குத் தொடங்கியபோது மூத்தவருக்கு வயது பதினேழு, இளையவருக்குப் பதினான்கு. சட்டத்தின் வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு திருப்புமுனை எனலாம். 'யாருக்கு உரிமை?' என்று மட்டும் கேட்ட மன்றத்திடம், 'பிள்ளைகளைக் கேட்டீர்களா?' என்ற வினா எழுப்பப்பட்டது. இன்றைய குடும்ப நீதிமன்றங்களில் நீதிபதி சிறுவனைத் தனியே அழைத்துப் பேசுவதற்குப் பின்னால் இத்தகைய சிந்தனை வளர்ச்சி இருக்கிறது.

ஆயினும் இத்தீர்ப்பை முழு வெற்றியாகக் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு தந்தை, இங்கிலாந்துக்குச் சென்று அங்கே இன்னொரு வழக்கை எப்படி நடத்துவார்? வழி திறந்திருக்கிறது என்று சொல்லப்பட்டது. அவ்வழியில் நடக்க அவருக்குக் கால் இல்லை. 1912-இல் கப்பலேறிய அவருடைய மக்கள், 1921 டிசம்பரில்தான் இந்திய மண்ணை மீண்டும் மிதித்தார்கள். அம்மையார் அவர்களுக்கென்று விரும்பிய ஆக்ஸ்போர்டுக் கல்வியும் கிருஷ்ணமூர்த்திக்குக் கிட்டவில்லை. நித்தியானந்தன் 1925-இல் நோயால் இளமையிலேயே இறந்தார். கிருஷ்ணமூர்த்தி 1929-இல், தம்மை மையமாக வைத்து எழுப்பப்பட்ட இயக்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். பெரியவர்கள் வகுத்த எந்தத் திட்டமும் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் திட்டமிட்டபடி நிறைவேறவில்லை.

வசதி வேறு, நலன் வேறு. செல்வமும் செல்வாக்கும் உள்ளவர் பக்கமே நலன் இருப்பதாக எண்ணிவிடுவது எளிது. மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் பெற்றோருக்கும், இரும்புலியூரில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் பெற்றோருக்கும் இடையே பிள்ளையின் நலனை அளக்கும்போது, சதுர அடியைக் கொண்டு அளக்கக் கூடாது. நாராயணையாவின் கண்ணீர் நமக்கு நினைவூட்டுவது இதுவே.

நம் நாட்டில், நம் சட்டத்தில்

கிறிஸ்தவர்களுக்கென 1869-இல் இயற்றப்பட்ட இந்திய மணமுறிவுச் சட்டம், பிரிவு வழக்கு நடக்கும்போதும் முடிந்த பின்னும் பிள்ளைகளின் பாதுகாப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்து ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. 1890-ஆம் ஆண்டுச் சட்டமோ எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. விவரம் புரிந்து விருப்பம் தெரிவிக்கும் வயதுள்ள பிள்ளையின் கருத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று அச்சட்டம் அன்றே இடமளித்திருந்தது. எழுத்தில் இருந்தது நடைமுறைக்கு வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

இந்தப் பாதையில் நம் சென்னையிலிருந்தே எழுந்த இன்னொரு மைல்கல் உண்டு. மதராஸ் உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நூல்களில் அது 'ரோசி ஜேக்கப் வழக்கு' எனப்படும். பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர். பெற்றோரின் முழு உரிமை என்ற பழைய கருத்து, பிள்ளைகளின் நலன் என்ற கருத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. பிள்ளைகளின் பாதுகாப்புக் குறித்த ஆணைகள் இயல்பிலேயே தற்காலிகமானவை. சூழ்நிலை மாறினால் அவையும் மாற்றத்தக்கவை என்றும் அது தெளிவாக்கிற்று. வழக்கில் 'வென்றவர்' என்றென்றைக்கும் வென்றவரல்லர் என்பதைப் பிரிந்து வாழும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

1984-இல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. வழக்காடுவதற்கு முன் சமரசத்திற்கு முயல்வது அந்நீதிமன்றத்தின் கடமை என்று அது விதித்தது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழும் பிள்ளை, தன் நலனுக்கு மாறாக இல்லாதவரை, தாய் தந்தை இருவரோடும் இடைவிடாத உறவு வைத்துக்கொள்ளும் உரிமை உடையது என்று அந்த உடன்படிக்கை கூறுகிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். சந்திப்பு என்பது முதன்மையாகத் தாயின் உரிமையோ தந்தையின் உரிமையோ அன்று, பிள்ளையின் உரிமை.

2001-இல் கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டபோது, வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் கேட்கும் மனுக்களை இயன்றவரை அறுபது நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தையை மட்டும் குறித்திருந்த இடத்தில் தாயையும் சேர்த்தது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில், இருவரும் இணைந்து வளர்க்கும் முறையைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், நேரில் காண இயலாத பெற்றோர் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் பிள்ளையோடு பேச வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்திற்று. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. நம் பங்குகளில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள்?

புறநகரின் ஞாயிறு

கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், இந்தப் பகுதி வெளியூரிலிருந்து வந்து குடியேறுவோரின் பகுதியாக வளர்ந்து வந்திருக்கிறது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வேலைக்காக வந்தவர்கள் நம் பங்குகளை நிரப்பியிருக்கிறார்கள். ஊரில் கணவன் மனைவிக்குள் பிணக்கு என்றால் பாட்டி இருப்பார், பெரியப்பா இருப்பார், தாய்மாமன் இருப்பார். பிள்ளை அழுதால் எடுத்துக்கொள்ள நான்கு கைகள் இருக்கும். இங்கோ பூட்டிய கதவுக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களுள் இருவர் பிரிந்தால் மூன்றாமவர் எங்கே போவார்?

நீதிமன்றம் தன்னால் இயன்றதைச் செய்கிறது. வார நாட்களில் ஒருவரிடம், வார இறுதியில் மற்றவரிடம். பண்டிகை நாட்களைப் பகிர்ந்துகொள்க. கோடை விடுமுறையில் பாதி என்றெல்லாம் ஆணை பிறக்கிறது. ஆனால் அந்த ஆணை நடைமுறையாகும் இடம் ரயில் நிலையத்தின் வாயில், உணவகத்தின் மேசை, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் அறை. பையை மாற்றிக் கொடுக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் பெற்றோர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. 'அப்பா என்ன சொன்னார்?' 'அம்மா வீட்டுக்கு யார் வந்தார்கள்?' என்று விசாரிக்கப்படும் பிள்ளை, ஐந்தாம் வகுப்பிலேயே சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. ஒருவரிடம் மகிழ்ச்சியாக இருந்ததை மற்றவரிடம் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாத காயம் இது.

சந்திப்பு நாள் பெரும்பாலும் ஞாயிறாக அமைவது இயல்பு. அதே ஞாயிறுதான் திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் உரிய நாள். ஒரு வாரம் தாம்பரத்தில், மறுவாரம் வேறு பங்கில் இருக்கும் பிள்ளைக்கு, மறைக்கல்வி வருகைப் பதிவேட்டில் பாதி நாட்கள் 'வரவில்லை' என்றே குறிக்கப்படுகிறது. வகுப்பில் எல்லார் முன்னும் காரணம் கேட்கப்படும்போது அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? முதல் நற்கருணை நாளில் முன்வரிசையில் யார் அமர்வது, நிழற்படத்தில் யார் நிற்பது என்பது பெரியவர்களுக்குக் கௌரவச் சிக்கல். பிள்ளைக்கோ அன்று உண்ண வேண்டிய அப்பமே கசந்துபோகும்.

திருச்சபையின் பொறுப்பு

திருமணம் முறிக்க முடியாத பிணைப்பு என்னும் போதனையில் நாம் உறுதியாக நிற்கிறோம். அதே திருச்சபைதான், தகுந்த காரணங்கள் இருக்கும்போது கணவனும் மனைவியும் பிரிந்து வாழலாம் என்பதையும் ஏற்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154-ஆம் சட்டம், அவ்வாறு பிரியும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று பணிக்கிறது. திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் அறிவிக்கும்போதும், பிள்ளைகள் மட்டில் உள்ள அறநெறிக் கடமைகளையும் நாட்டுச் சட்டக் கடமைகளையும் இருவருக்கும் நினைவூட்ட வேண்டும். அத்தீர்ப்பால் தம் பிள்ளைகள் முறையற்றவர்களாகிவிடுவார்களோ என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகளே என்று 1137-ஆம் சட்டம் அவ்வச்சத்தைப் போக்குகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' திருத்தூது ஊக்கவுரையில், பிரிந்த பெற்றோர் தம் பிள்ளையைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைக்கலாகாது என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

விவிலியத்தில் சாலமோனின் தீர்ப்பை நாம் அறிவோம். வாளைக் கொண்டுவரச் சொன்ன மன்னன், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று தன் உரிமையை விட்டுக்கொடுத்தவளிடமே தாய்மையைக் கண்டான். இன்னொரு பகுதியை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தொடக்க நூல் 21-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம், ஆகாரையும் மகன் இஸ்மயேலையும் வீட்டைவிட்டு அனுப்புகிறார். பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்து, தாய் தொலைவில் அமர்ந்து அழுகிறாள். அப்போது கடவுள் சிறுவனின் குரலைக் கேட்டார் என்று நூல் சொல்கிறது. தாயின் அழுகை அங்கே இருந்தது. தந்தையின் மனவருத்தமும் முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கடவுளின் செவி முதலில் சாய்ந்தது சிறுவனின் குரலுக்கே. பிரிவி கவுன்சில் 1914-இல் கேட்கச் சொன்ன குரலும் அதுதான்.

அப்படியானால் பங்குச் சமூகம் செய்யத்தக்கது என்ன? முதலாவது, கட்சி சேராதிருத்தல். கணவன் வீட்டார் ஓர் அன்பியத்திலும் மனைவி வீட்டார் வேறோர் அன்பியத்திலும் இருந்தால், பங்கே இரண்டாகிவிடும் ஆபத்து உண்டு. பிள்ளையின் காதில் விழும்படி அதன் தாயையோ தந்தையையோ இகழ்ந்து பேசும் உறவினர், அப்பிள்ளையின் உயிரில் பாதியை இகழ்கின்றனர். இரண்டாவது, மறைக்கல்வி ஆசிரியர்கள் இத்தகைய பிள்ளைகளின் நிலையை அறிந்து, இரு பங்குகளுக்கிடையே பாடங்களைப் பகிர்ந்துகொள்ள வழி காண வேண்டும். இது கடினமான செயலன்று. மூன்றாவது, திருமுழுக்கு, முதல் நற்கருணை, உறுதிபூசுதல் நாட்களில் தாய் தந்தை இருவருக்கும் இடம் இருக்குமாறு முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். நான்காவது, பாதுகாப்பான நடுநிலை இடமாகப் பங்கு வளாகம் பயன்படலாம். நீதிமன்றத்தில் சந்திப்பதைவிட ஆலய வளாகத்து மரநிழலில் சந்திப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவோ மேலானது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. அடியும் குடியும் கொடுமையும் நிறைந்த வீட்டிலிருந்து பிள்ளையைக் காக்கப் பிரிந்தவர்களிடம், 'பிள்ளைக்கு அப்பா வேண்டாமா?', 'அம்மா வேண்டாமா?' என்று வற்புறுத்துவது இரக்கமாகாது. பிள்ளையின் நலனுக்குத் தீங்காகும் சந்திப்பைக் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் சட்டம் இடம் தருகிறது. அறமும் அதையே வேண்டுகிறது. ஆனால் தன் மனக்காயத்தைப் பிள்ளையின் ஆபத்தாகக் காட்டுவதும், உண்மையான ஆபத்தை மனக்காயம் என்று தள்ளிவிடுவதும் இரண்டுமே தவறு. இவற்றை வேறுபடுத்தி அறிய நிதானமும் செபமும் தக்கவரின் ஆலோசனையும் தேவை.

நாராயணையாவும் அன்னி பெசன்ட் அம்மையாரும் இருவருமே அந்தச் சிறுவர்களை நேசித்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருவருமே அவர்களுக்கு நன்மை நாடினார்கள். ஆயினும் செங்கற்பட்டிலும் சென்னையிலும் இலண்டனிலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பேசிய பெரியவர்களுள், அவர்களோடு பேசியவர்கள் மிகச் சிலரே. சீடர்கள் தங்களுள் யார் பெரியவர் என்று வாதாடியபோது, ஆண்டவர் ஒரு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மாற்கு எழுதுகிறார். வழக்காடும் பெற்றோருக்கு நடுவிலும் ஒரு பிள்ளை நிற்கிறது. இழுப்பதற்காக அதைப் பிடித்திருக்கும் கைகள், அணைப்பதற்காகப் பிடிக்கும் கைகளாக மாற வேண்டும் என்பதே நம் மன்றாட்டு. இந்தத் தவக்காலத்திலாவது, நம் தெருவில், நம் அன்பியத்தில், அத்தகைய ஒரு பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்வோம். அதனோடு அமர்ந்து பேசுவோம்.